கிரவுன்-பினியனை முதலில் முடிவுசெய்யுங்கள்

1970-இல் செவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 454 வண்டியை எல்.எஸ்.6 எஞ்சினோடு வாங்கியவருக்குப் பின் ஆக்சிலில் வழக்கமாக வந்தது 3.31. கேட்டு வாங்கினால் 4.10. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் டர்போ ஹைட்ராமேட்டிக் 400. அதன் டாப் கியர் 1.00, அதற்கு மேல் எதுவும் கிடையாது. சிக்னலில் சீறிக் கிளம்பவேண்டுமா, நெடுஞ்சாலையில் காது வலிக்காமல் போகவேண்டுமா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே முடிவுசெய்தாக வேண்டும். சுமார் 26 அங்குல உயர டயரில் மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர் போனால், 4.10 வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,700 சுற்று ஓடும். 3.31 என்றால் 3,000.

நான்காவதாக ஓவர்டிரைவ் கியர் வந்ததும் இந்த இழுபறி தீர்ந்துவிட்டது என்றுதான் பொதுவான நினைப்பு. ஜி.எம். 1981-இல் 200-4ஆர், 1982-இல் 700-ஆர்4, 1991-இல் 4எல்80-இ என்று வரிசையாகக் கொண்டுவந்தது. ஃபோர்டில் 1980-இல் ஏ.ஓ.டி., 1989-இல் இ4ஓடி. இன்று பழைய பிக்-பிளாக் வண்டியைப் புதுப்பிப்பவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது இவற்றில் ஒன்றைத்தான். பெட்டியைத் தேர்ந்தெடுத்து, மாட்டி, ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆக்சில் பக்கம் பேச்சு திரும்புகிறது. எங்கள் மேசைக்கு வரும் புகார்களில் ‘கியர்பாக்ஸ் சரியில்லை’ என்று தலைப்பிட்டவை பலவும் உண்மையில் கிரவுன்-பினியன் புகார்களே. ஆக்சிலை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற பெட்டியைப் பிறகு தேடுங்கள் என்பதே இந்த இதழின் சார்பில் நாங்கள் சொல்ல விரும்புவது.

700-ஆர்4 பெட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, ஓவர்டிரைவ் 0.70. தாளில் கணக்குப் போட்டால் அருமையாக இருக்கும். 3.31 ஆக்சிலோடு முதல் கியரின் மொத்த விகிதம் 10.13; டர்போ 400-உம் 4.10-உம் சேர்ந்தால் கிடைப்பது 10.17. பழைய 4.10 வண்டியின் கிளம்பும் வேகம் 3.31-லேயே கைக்கு வந்துவிட்டது, 70 மைலில் எஞ்சின் 2,100 சுற்றில் ஓடுகிறது, வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் 3.06 என்ற முதல் கியரின் அருமை, டார்க் குறைந்த சின்ன வி8-களைக் கனமான வண்டிகளில் கிளப்பும்போதுதான் தெரியும். எல்.எஸ்.6-இன் அறிவிக்கப்பட்ட டார்க் 3,600 சுற்றில் 500 பவுண்டு-அடி. அதற்கு முதல் கியரில் இழுவைப் பஞ்சம் இல்லை. பஞ்சம் டயரின் பிடிமானத்தில்தான். போதாததற்கு 3.06-இலிருந்து 1.63-க்கு விழும் பள்ளம் பெரியது. 5,500-இல் மாற்றினால் எஞ்சின் 2,930-க்கு இறங்கும். 2.48, 1.48 கொண்ட பெட்டியில் 3,280-க்கு மேல் நிற்கும். குட்டையான கேம் உள்ள 454 அந்த 2,930-லும் இழுத்துவிடும், ஒப்புக்கொள்கிறோம். மேல் சுற்றுக்கென்று கட்டிய எஞ்சின் அங்கே முக்கும்.

அந்த 2.48, 1.48, 1.00 வரிசை 4எல்80-இ பெட்டியுடையது. அதன் பின்பாதி டர்போ 400-இன் நேரடி வாரிசு. கன்வெர்ட்டருக்கும் அந்தப் பின்பாதிக்கும் நடுவில் 0.75 ஓவர்டிரைவ் பிளானட்டரியைச் செருகியிருக்கிறார்கள். பின்னாளில் பென்ட்லியின் 6.75 லிட்டர் எஞ்சினுக்கும் இதே பெட்டிதான் போயிற்று. டன்னலில் தகரத்தைத் தட்டி இடம் பண்ணவேண்டும், குறுக்குச் சட்டத்தை நகர்த்தவேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டவேண்டும், கன்ட்ரோலர் வாங்கவேண்டும். செலவுதான். ஆனாலும் 500 பவுண்டு-அடியை அன்றாடம் தாங்கவேண்டிய வண்டிக்கு எங்கள் தேர்வு இதுதான்.

இனி ஆக்சில். டாப் கியரில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓட விரும்புகிறது என்பதைச் சொல்லவேண்டியது கேம்ஷாஃப்ட். லாரிக்கென்று வந்த 454 எஞ்சின் 1,800-இல் முணுமுணுக்காமல் போகும். 0.050 அங்குல லிஃப்டில் 240 டிகிரி கேம் உள்ள எஞ்சின் பெரும்பாலும் 2,200-க்குக் கீழே திணறும், லாக்-அப் விழுந்ததும் வண்டி முன்னும் பின்னும் உலுக்கும். அப்படிப்பட்ட எஞ்சினோடு 2.73 ஆக்சிலையும் 0.75 ஓவர்டிரைவையும் சேர்த்தால் 70 மைலில் 1,850 சுற்றுதான். ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பார். மேனிஃபோல்டு வேக்குவம் சரியும். ஹோலி கார்புரேட்டரில் 6.5 எண் பவர் வால்வு இருந்து, வேக்குவம் அந்த அளவுக்கு இறங்கினால், வால்வு திறந்து பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சுற்று குறைந்தும் மைலேஜ் ஏறவில்லையே என்று வாடிக்கையாளர் வந்து நிற்பது இதனால்தான். அதே பெட்டிக்கு 3.73 போட்டால் 2,530. கேமுக்கும் பொருந்தும், முதல் கியரின் மொத்த விகிதமும் 9.25-க்கு வந்துவிடும்.

சரி, 4.10-ஐ அப்படியே விட்டுவிட்டால் என்ன? 2,780-தானே ஆகிறது என்பார்கள். எஞ்சினுக்கு 2,780-தான். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு? ஓவர்டிரைவ் இருப்பது ஷாஃப்ட்டுக்கு முன்னால். ஷாஃப்ட் சுற்றும் வேகத்தைத் தீர்மானிப்பவை டயரும் ஆக்சிலும் மட்டுமே. 70 மைலில் அது அன்றும் 3,700, இன்றும் 3,700. முன்பெல்லாம் எஞ்சின் கத்துவதைக் கேட்டு ஓட்டுநரே கால் எடுத்துவிடுவார். இப்போது கேபினில் அமைதி, கால் இறங்கிக்கொண்டே போகும். 90 மைலில் ஷாஃப்ட் 4,770-ஐத் தொடும். நீளம் மாறிய ஷாஃப்ட்டைப் பேலன்ஸ் பார்க்காமல், பெட்டி மாற்றியதில் கோணம் மாறிய யு-ஜாயின்ட்டைச் சரிபார்க்காமல் அனுப்பிய வண்டி இந்த வேகத்தில்தான் அதிர ஆரம்பிக்கும். அதிர்வு முதலில் தின்பது பின்பக்க புஷ்ஷை, அடுத்து ஆயில் சீலை. பழி மட்டும் பெட்டியின் மேல்.

ஆக்சிலை மாற்றலாம் என்று வாய்ப்பேச்சாகச் சொல்வதற்கு முன் கேரியரையும் பாருங்கள். செவர்லே 12-போல்ட் ஆக்சிலில் 3.31-இலிருந்து 3.73-க்குப் போக அதே கேரியர் போதும். 4.10-இலிருந்து கீழே இறங்கவோ, 2.73-இலிருந்து மேலே ஏறவோ கேரியரும் மாறவேண்டும். மதிப்பீடு கொடுக்கும்போதே இதைச் சேர்க்காதவர் பிறகு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்ட நேரிடும்.

கன்வெர்ட்டரைப் பற்றிச் சுருக்கமாக: 2,800 ஸ்டால் கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு 2,100-இல் லாக்-அப் இல்லாமல் பயணம் போவது ஆயிலைக் கொதிக்கவைக்கும் வேலை. ஓவர்டிரைவ் போட்டால் லாக்-அப்பும் வேண்டும், தனி ஆயில் கூலரும் வேண்டும்.

200-4ஆர், 700-ஆர்4 இரண்டிலும் எமன் இருப்பது டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிளில். கியர் மாறும் நேரத்தை மட்டும் அது பார்த்துக்கொள்கிறது என்று நினைக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. அது லைன் பிரஷரையே நிர்ணயிக்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால் பிரஷர் ஏறாமலே டார்க் வந்து இறங்கும், கிளட்ச் பிளேட்கள் கருகும்; 700-ஆர்4-இல் முதலில் போவது 3-4 கிளட்ச் பேக். அட்ஜஸ்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஸ்லைடரை ஃபயர்வால் பக்கம் முழுக்கத் தள்ளி, பொத்தானை விட்டு, த்ராட்டிலை முழுவதும் திறந்தால் அது பல் பல்லாக நகர்ந்து தன் இடத்தில் நிற்கும். பொத்தானைப் பிடிக்காமல் ஸ்லைடரைத் தள்ளுவதில் பயனில்லை. ஹோலி, எடல்புராக் கார்புரேட்டர்களில் கேபிள் மாட்டும் புள்ளி சரியான இடத்தில் அமையாது. அதற்கான திருத்த பிராக்கெட் இல்லாமல் மேற்படி அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் கண்துடைப்பு. கேஜை மாட்டிப் பிரஷரைப் பார்க்காமல் வண்டியைச் சாலைக்கு விடாதீர்கள்.

இப்போது ஆறு கியர் பெட்டிகளும் பிக்-பிளாக் பக்கம் எட்டிப்பார்க்கின்றன. 6எல்80-இன் முதல் கியர் 4.03. இதை 3.73 ஆக்சிலோடு சேர்த்தால் 15 வந்து நிற்கும். பிக்-பிளாக்குக்கு அந்த முதல் கியர் இருந்தும் இல்லாததுதான். இங்கேதான் நாம் ஒதுக்கிவைத்த 2.73-க்கு மறுபடியும் வேலை. முதல் கியரின் மொத்த விகிதம் 11. ஐந்தாவது 0.85, அதில் 70 மைலுக்கு 2,100 சுற்று. ஆறாவது 0.67, அதில் 1,660. லாரி கேம் உள்ளவர் ஆறாவதில் போகலாம். 240 டிகிரிக்காரருக்கு ஐந்தாவதுகூடக் கொஞ்சம் தாழ்வுதான், 3.08 பார்க்கவேண்டியிருக்கும். அவர் ஆறாவதைக் கன்ட்ரோலரில் 80 மைலுக்கு மேல் மட்டும் விழும்படி எழுதிவிடுவது நல்லது.