கையெழுத்துகள் சும்மாவா?

கடந்த தவணை எமது கல்லூரியில் இல்லங்களுக்கிடையிலான தமிழ் விவாதப் போட்டி நடைபெற்றது. "காலநிலை மாற்றம் தொடர்பான சர்வதேச உடன்படிக்கைகள் பயனற்றவை" என்பது தலைப்பு. திருவுளச்சீட்டில் எங்கள் இல்லத்துக்கு 'பயனற்றவையே' என்று வாதிடும் பக்கம் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், வெற்றியும் எங்களுக்கே கிடைத்தது.

சான்றிதழோடு வீட்டுக்கு வந்து, பேசியதையெல்லாம் உம்மும்மாவிடம் ஒப்புவித்தேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்ப அந்தக் கையெழுத்தெல்லாம் சும்மாவா, மகள்?" என்று கேட்டார். மேடையில் எதிரணித் தலைவி கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். உம்மும்மாவிடம் வாய் திறக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்ததில் பாதியை நான் மேடையில் மறைத்திருந்தேன். மறைத்த அந்தப் பாதியையும் சேர்த்து எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பரீட்சைக்காக நாம் மனனம் செய்யும் சொற்கள்தாம். ஆனால் அவற்றின் பொருள் தெரியாவிட்டால் உடன்படிக்கைகளைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

வானிலை வேறு, காலநிலை வேறு. எங்கள் வாப்பா புத்தளத்தில் உப்பளம் ஒன்றில் வேலை செய்கிறார். பாத்தியில் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றி உப்பு விளையும் நேரத்தில் ஒரு மழை பெய்தால், வாரக்கணக்கான உழைப்பு ஒரே இரவில் கரைந்துவிடும். அந்த ஒரு மழை வானிலை. எந்த மாதத்தில் மழை வரும், எந்த மாதத்தில் வராது என்று நம்பி உப்பளத்தார் பாத்தி கட்டுகிறார்களே, அந்த நம்பிக்கைக்கு அடிப்படையான நீண்டகாலச் சராசரிதான் காலநிலை. விஞ்ஞானிகள் பொதுவாக 30 ஆண்டுகளின் தரவுகளை வைத்தே அதனைக் கணிக்கிறார்கள். ஆகவே ஒரு பருவத்து மழையைக் காட்டி "இதோ காலநிலை மாற்றம்" என்று சொல்வதும் பிழை, ஒரு குளிர்ந்த காலையைக் காட்டி "எங்கே வெப்பமாதல்?" என்று கேட்பதும் பிழை.

அடுத்தது பச்சைவீட்டு விளைவு. இதைப் பலர் கெட்டது என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது இறைவனின் அருட்கொடை. நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்ற வாயுக்கள் புவியிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்காவிட்டால், புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மறை 18 பாகை செல்சியஸாக இருந்திருக்கும். இப்போது அது ஏறத்தாழ 15 பாகை. கேடு போர்வையில் இல்லை, அதன் மேல் நாம் போர்வைகளை அடுக்கிக்கொண்டே போவதில்தான் இருக்கிறது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளியின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 280 காபனீரொட்சைட்டாக இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெய்யும் எரிவாயுவும் எரிக்கப்பட்டதும் காடுகள் அழிக்கப்பட்டதுமே இதற்கு முக்கிய காரணங்கள்.

இந்த உண்மை நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1856ஆம் ஆண்டில் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். காபனீரொட்சைட்டு நிரம்பிய உருளையே அதிகம் சூடேறியது. அந்த வாயு வளிமண்டலத்தில் கூடினால் புவியும் சூடேறும் என்று அவர் எழுதினார். அவரது ஆய்வுரையை விஞ்ஞானிகளின் மாநாட்டில் வாசித்தவர் ஓர் ஆண். ஃபூட்டின் பெயரோ நூற்றாண்டுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்தது. விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் சகோதரிகள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஓசோன் படையில் ஏற்பட்ட துவாரத்தால்தான் வெப்பம் கூடுகிறது என்று எங்கள் வகுப்பிலேயே பலர் நினைத்திருந்தார்கள். அவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள். ஓசோன் படை சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுப்பது. அதை அரித்தவை குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்கள்.

இனி, நான் மேடையில் பேசியதற்கு வருகிறேன். 1992இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் கூடிய உலக நாடுகள் காலநிலை மாற்றம் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் கையெழுத்திடத் தொடங்கின. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவல்ல என்ற கொள்கையை அது ஏற்றுக்கொண்டது. 1997இல் ஜப்பானில் உருவான கியோத்தோ நெறிமுறை, வளர்ந்த நாடுகள் தமது வெளியேற்றத்தை 1990ஆம் ஆண்டின் அளவைவிடச் சராசரியாக 5 வீதம் குறைக்க வேண்டும் என்றது. அமெரிக்கா கையெழுத்திட்டும் அதை ஏற்றுறுதி செய்யவில்லை. கனடா 2011இல் விலகுவதாக அறிவித்தது.

2015 டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கை வந்தது. வெப்ப உயர்வை 2 பாகைக்கு நன்கு கீழே வைத்திருப்பது, 1.5 பாகைக்குள் மட்டுப்படுத்த முயல்வது என்பன அதன் இலக்குகள். கடைசி நேரத்தில் அதன் ஆங்கில வாசகத்தில் ஒரு சொல்லால் எல்லாமே தடைப்பட்டு நின்றது. வளர்ந்த நாடுகள் வெளியேற்றத்தைக் குறைப்பதில் 'கட்டாயம் முன்நிற்க வேண்டும்' என்ற பொருள் தரும் சொல், 'முன்நிற்பது தகும்' என்ற பொருளுக்கு மாற்றப்பட்ட பின்னரே அது நிறைவேறியது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டின் இறுதியிலும் அப்படித்தான். நிலக்கரியைப் 'படிப்படியாக ஒழித்தல்' என்றிருந்தது 'படிப்படியாகக் குறைத்தல்' ஆயிற்று. ஏழை நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுதோறும் 100 பில்லியன் டொலர் திரட்டித் தருவதாக 2009இல் பணக்கார நாடுகள் சொன்னன. அந்தத் தொகை 2022இலேயே எட்டப்பட்டது. அமெரிக்கா பாரிஸ் உடன்படிக்கையை விட்டு ஒருமுறை விலகி, மீண்டும் சேர்ந்து, 2025இல் மறுபடியும் விலகுவதாக அறிவித்தது. இவ்வளவையும் அடுக்கி, "காகிதத்தால் கடலைத் தடுக்க முடியுமா?" என்று கேட்டேன். மண்டபம் கைதட்டியது.

சொன்னவை எல்லாம் உண்மைதான். ஆனால் சொல்லாமல் விட்டவையும் உண்மையே.

1987இல் உருவான மொன்றியல் நெறிமுறையை நான் வாயால்கூடச் சொல்லவில்லை. ஓசோன் படையை அரிக்கும் பொருள்களைக் கைவிடுவதற்கான அந்த உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏற்றன. அப்பொருள்களில் ஏறத்தாழ 99 வீதம் இன்று பாவனையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படை 2040ஆம் ஆண்டளவில் 1980இன் நிலைக்குத் திரும்பும் என விஞ்ஞானிகள் எதிர்பார்க்கிறார்கள். அது ஏன் வென்றது? நாடுகளுக்குத் தவணைத் திகதிகள் இருந்தன. வறிய நாடுகளுக்கு உதவ ஒரு நிதியம் இருந்தது. சேராத நாடுகளுடனான வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. மாற்றுப் பொருள்களும் கிடைத்தன. நிலக்கரியும் எண்ணெய்யும் அப்படி இலகுவாகக் கைவிடக்கூடியவை அல்ல என்பது உண்மை. ஆனாலும் கையெழுத்தால் எதுவும் நடக்காது என்ற என் வாதத்தை இந்த ஓர் உதாரணமே உடைத்துவிடும்.

பாரிஸ் உடன்படிக்கைக்கு முன்னர், இந்த நூற்றாண்டின் முடிவில் வெப்ப உயர்வு 4 பாகையை நெருங்கக்கூடும் என்று கணிக்கப்பட்டது. இன்றைய கணிப்புகள் 3 பாகைக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. போதாது, மிகவும் ஆபத்தான அளவுதான். ஆயினும் ஒரு பாகை சிறிய விடயமல்ல. வளி ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது மழை கொட்டித் தீர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 ஆம் ஆண்டின் சராசரி 1.5 பாகையைத் தாண்டியபோது "எல்லாம் முடிந்துவிட்டது" என்று சிலர் எழுதினார்கள். பாரிஸின் இலக்கு ஓர் ஆண்டைப் பற்றியதல்ல, பல ஆண்டுகளின் சராசரியைப் பற்றியது. வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவருக்கு இது விளங்கும்.

மூன்றாவதாக, 2022இல் எகிப்தின் ஷார்ம் அல்-ஷெய்க் நகரில் 'இழப்பும் சேதமும்' என்ற நிதியத்துக்கு நாடுகள் இணங்கின. வெளியேற்றத்தைக் குறைப்பது தணித்தல். வரும் கேட்டுக்கேற்ப நம்மைத் தயார்படுத்துவது இசைவாக்கம். இரண்டையும் மீறி வந்துவிட்ட கேட்டுக்கு ஈடுகொடுப்பதே இந்த மூன்றாவது. அந்த ஆண்டில் பாகிஸ்தானில் வெள்ளம் 1,700க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்திருந்தது. வளர்முக நாடுகளின் சார்பில் அந்த மாநாட்டில் முன்னின்று பேசியதும் பாகிஸ்தானே. வல்லரசுகள் முப்பது ஆண்டுகளாகத் தட்டிக்கழித்த கோரிக்கை, விடாமல் கேட்டதால் நிறைவேறியது.

விடாமல் கேட்டதால். என் கருத்தின் சாரம் இதுதான். பாரிஸ் உடன்படிக்கையில் தண்டனை இல்லை. ஒவ்வொரு நாடும் தன் வாக்குறுதியைத் தானே எழுதுகிறது, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, செய்ததை அறிக்கையிடுகிறது. யாரும் வாசிக்காத அறிக்கைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை. கேட்பவர் இருக்கும்வரைதான் அந்தக் கையெழுத்துக்கு உயிர். கேட்பதற்கோ, அந்தச் சொற்கள் நமக்கு விளங்க வேண்டும்.

கேட்பதைப் பிறரிடம் மட்டும் கேட்பது நீதியல்ல. இலங்கையர் ஒருவரின் சராசரி காபனீரொட்சைட்டு வெளியேற்றம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 தொன், அமெரிக்கர் ஒருவருடையது ஏறத்தாழ 14 தொன். இதை மேடையில் உரத்துச் சொன்னேன். தலைக்குக் கணக்கிட்டால் உலகிலேயே மிக அதிகமாக வெளியேற்றும் நாடுகளில் கத்தாரும் ஒன்று என்பதைச் சொல்லவில்லை. என் மாமா அங்கே சாரதியாக உழைத்து அனுப்பும் பணத்தில்தான் என் வகுப்புக் கட்டணம் கட்டப்படுகிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது சொல்கிறேன். எண்ணெய்ப் பணத்தின் நிழலில் வாழும் குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அவர்களைக் குற்றம் சொல்வதற்காக அல்ல, இந்த மாற்றம் எவ்வளவு கடினமானது என்பதை உணர்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்திலேயே நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையம் இருக்கிறது. 900 மெகாவாட் கொள்ளளவு கொண்டது. நான் இரவில் படிக்கும் வெளிச்சத்தில் அதன் பங்கும் உண்டு. 2030ஆம் ஆண்டில் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவதாக இலங்கை உலகத்துக்கு வாக்களித்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாத வாக்குறுதியைப் பற்றி யார் கேட்பது? புத்தளம் களப்பின் கரையில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காடுகள் வெட்டப்பட்டன. காபனைச் சேமித்து, அலையையும் தடுத்துநின்ற மரங்கள் அவை. அதை எந்த வெளிநாடும் வந்து செய்யவில்லை. வடிகானில் நாம் எறிந்த பொலித்தீனால் வெள்ளம் வந்தால், அதற்கும் காலநிலை மாற்றத்தைச் சாட்டக்கூடாது.

முஸ்லிம்களாகிய நமக்கு வாக்குறுதி என்பது ஓர் அமானிதம். கொடுத்த வாக்கைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்று நம்புகிறவர்கள் நாம். அந்த நம்பிக்கை கடன் கொடுக்கல் வாங்கலோடு நின்றுவிட வேண்டுமா?

அன்புப் பெற்றோர்களே, "இது விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளின் விடயம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2025இல் உப்பு விளையும் காலத்து மழையால் உற்பத்தி வீழ்ந்து, நாற்புறமும் கடல் சூழ்ந்த நம் நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஒரு பருவம் வானிலைதான். ஆனால் அப்படிப்பட்ட பருவங்கள் அடிக்கடி வருமா என்பது காலநிலையின் கேள்வி. அது சமையலறையின் கேள்வியும்தான். சகோதரிகளே, உடன்படிக்கைகளின் ஆண்டுகளை மனனம் செய்யும்போது, யார் எதை வாக்களித்தார்கள், யார் செய்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். 2030இல் எங்களுக்கு வாக்குரிமை இருக்கும். வாக்குக் கேட்டு வருபவரிடம் அந்த 70 வீதத்தைப் பற்றிக் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.

உம்மும்மாவின் கேள்விக்கு நேற்றுத்தான் பதில் சொன்னேன். "சும்மா இல்ல உம்மும்மா. ஆனா கேக்க ஆள் இல்லாட்டிச் சும்மாதான்."

அவர் சற்று யோசித்துவிட்டு, "கடன் குடுத்தவன் கேக்காம இருந்தா, வாங்கினவன் மறந்துதான் போவான்" என்றார்.

என் பத்து நிமிடப் பேச்சைவிட அது எனக்கு நன்றாக விளங்கியது.