பங்கு வேறு, கட்சி வேறு

ஆலந்தலையிலும் திருச்செந்தூர்க் கரையின் மற்ற ஊர்களிலும் வள்ளம் வைத்திருப்பவர்களுக்கும், அதில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கும், உப்பளத்திலும் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை கொடுப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. ஒருவர் எந்தக் கட்சிக்காரர், எந்தத் திட்டத்தை எதிர்க்கிறார் என்பதற்காக அவருடைய பிழைப்பில் கை வைக்காதீர்கள்.

கருத்தைச் சொல்லும் உரிமைக்காக நம் மாவட்டம் பட்டது கொஞ்சமல்ல. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காகப் பேசினார்கள். சில நாள்களிலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12 அன்று இருவரும் கைதானதும் அதே தொழிலாளர்கள் மறுபடி வெளியே வந்தார்கள். இந்த முறை அவர்கள் தங்களுக்கென்று எதுவும் கேட்கவில்லை. திலகர் தண்டிக்கப்பட்டதற்காகப் பம்பாய் ஆலைகள் நின்றதுகூட அதற்கு நாலு மாதம் கழித்துத்தான். அதே நாள்களின் இன்னொரு பக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. சுதேசியத்தை ஏற்காதவருக்குச் சவரம் செய்ய மாட்டோம் என்று தூத்துக்குடியில் மறுத்தவர்கள் இருந்தார்கள். அந்நிய ஆட்சியின் கீழ் இருந்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனாலும் ஒருவரை ஒதுக்கிவைத்து அவர் மனதை மாற்றலாம் என்ற எண்ணத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஒதுக்கப்பட்டவர் வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான்.

சட்டம் பாதி தூரம்தான் கூட வருகிறது. பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துகிறது. அரசு ஊழியரானாலும் அமைதியாக ஆர்ப்பாட்டம் செய்யும் உரிமையை அடியோடு பறிக்க முடியாது என்று 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியாரிடம் வேலை செய்பவருக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. மறுநாள் அவர் வாக்களித்த கட்சியைச் சொல்லி வேலையை விட்டு நிறுத்தினால் எளிதில் போய் நிற்க இடமில்லை. அரசியல் கருத்தை வைத்து வேலையில் பாகுபாடு கூடாது என்னும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 111ஆவது உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றது. ஏற்றது கரை வந்து சேரவில்லை. நம் மீன்பிடித் தொழிலிலோ வேலைக்கான ஒப்பந்தத் தாளே கிடையாது. முன்பணம் வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்காமல் வேறு வள்ளத்துக்குப் போக முடியாது. அவரிடம் "உன் கருத்தைத் தாராளமாகச் சொல்" என்பதில் பொருளில்லை.

கடலில் கட்சிச் சண்டை வந்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். உண்மைதான். வள்ளம் ஓடும்போது அதை நடத்தும் தண்டல் சொல்வதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். வலை இழுக்கும் நேரம் விவாதத்துக்கான நேரமல்ல. ஆனால் அந்தக் கட்டுப்பாடு வேலையைப் பற்றியது. கரையில் அவர் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தார் என்பதை அது தொடாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதையும் மிரட்டுவதையும் கருத்து என்ற பெயரில் நாங்கள் காக்க வரவில்லை. என் வள்ளம், யாரை ஏற்றுவது என்பது என் விருப்பம் என்பவருக்கு எங்கள் பதில்: தொழில் தெரியாதவரை நீங்கள் மறுக்கலாம், ஆனால் நாலு வள்ளமும் ஒரே ஆளை மறுத்தால் அவர் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்பில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாவட்டம் இது. ஆலை மூடியபின் வேலை இழந்தவர்களும் நம்மவர்கள்தான். குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்தைப் பற்றியும் ஒரே வீட்டில் இரண்டு கருத்து இருக்கலாம். இரண்டையும் சொல்பவர்கள் ஒரே வள்ளத்தில் போக முடிய வேண்டும் என்பதே எங்கள் கவலை. ஆகவே கேட்கிறோம்: பிடித்த மீனின் பங்குக் கணக்கை எல்லோர் முன்னும் பாருங்கள். கட்சிப் பேச்சு சூடான வாரத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். யாரையாவது நிறுத்தினால் காரணத்தை ஊர்க் கமிட்டி முன் சொல்லுங்கள். நிறுத்தப்பட்டவர் பதில் சொல்ல அங்கேயே இடம் கொடுங்கள்.