எண்ணிப் பார்த்த பார்லிமெண்டு

பார்லிமெண்டில் கூச்சல் என்று செய்தி வந்தால் நாம் முகத்தைச் சுளிக்கிறோம். கூச்சல் இல்லாத நாட்களிலோ அந்தப் பக்கத்தையே புரட்டிவிடுகிறோம். ஆராய்ச்சிப் பண்டிதர்கள் அப்படியல்ல. சபை கலைந்த பிறகு நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை நாள் கூடினார்கள், எந்த மசோதாவை யார் பரிசீலித்தார்கள் என்று கணக்குப் பார்க்கிறார்கள். மாரிஸ்-ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் 1957-ல் நமது பார்லிமெண்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இன்று டில்லியில் பி.ஆர்.எஸ். என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் இந்தக் கணக்கை விடாமல் எழுதி வருகிறது.

1952-ல் கூடிய முதல் லோக் சபை தன் ஐந்து வருஷ ஆயுளில் 677 நாட்கள் கூடியது. 2019-ல் அமைந்த பதினேழாவது லோக் சபை கூடியது 274 நாட்களே. நடுவில் கொரோனா வந்தது வாஸ்தவந்தான். ஆயினும் ஆயுள் முழுவதும் இருந்த எந்த லோக் சபையும் இவ்வளவு குறைவாகக் கூடியதில்லை.

நாட்கணக்கு போகட்டும். நம்மைத் திடுக்கிட வைப்பது கமிட்டிக் கணக்கு. கமிட்டியில் பல கட்சி அங்கத்தினர்களும் கலந்து உட்கார்ந்து, அதிகாரிகளைக் கேள்வி கேட்டு, மசோதாவினால் பாதிக்கப்படக்கூடியவர்களின் அபிப்பிராயத்தையும் கேட்கிறார்கள். காமிராவும் கைதட்டலும் இல்லாத இடம். ஆகையால் காரியம் நடக்கிறது! அங்கே கட்சிக் கொறடாவின் உத்தரவும் செல்லாது. சபையிலோ, 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவை மீறி வோட்டுப் போட்டால் பதவியே பறிபோகலாம். எதிர்க்கட்சிக்காரர் எவ்வளவு அருமையாக வாதித்தாலும், மனம் மாறிய அங்கத்தினர் வோட்டை மாற்றுவது எப்படி?

2009-ல் அமைந்த பதினைந்தாவது லோக் சபையின் காலத்தில் மசோதாக்களில் நூற்றுக்கு 71 கமிட்டிக்குச் சென்றன. பதினேழாவதின் காலத்தில் 16.

2020-ல் மூன்று விவசாயச் சட்டங்கள் கமிட்டியைக் காணாமலே நிறைவேறின. விவசாயிகள் டில்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்தார்கள். கமிட்டி மேஜைக்கு எதிரே சொல்லியிருக்கக் கூடியதைக் குளிரிலும் வெயிலிலும் சாலையில் இருந்து சொல்ல நேர்ந்தது. கடைசியில், 2021 நவம்பர் 29-ந் தேதி, அச்சட்டங்களை ரத்துச் செய்யும் மசோதாவும் லோக் சபையில் விவாதமின்றியே நிறைவேறிற்று!

பிரிட்டனில் மசோதாக்கள் கமிட்டிக் கட்டத்தைத் தாண்டியே சட்டமாகின்றன. பார்லிமெண்டு முறையை அங்கிருந்து எடுத்துக்கொண்ட நாம், இந்த ஒரு படியை மட்டும் இஷ்டமிருந்தால் ஏறலாம் என்று விட்டு வைத்திருக்கிறோம்.