1,700 வெள்ளி சம்பளம்: ஏட்டில் காணாமல் போகும் நான்கு நாள்

கோலா தெர்லா: திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா போகும் வழியில் இருக்கும் இந்தச் சிற்றூரில் இப்போது முதலில் கண்ணில் படுவது காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள்தான். கேமரன் மலையின் பெயரை வெளியே கொண்டுபோன தேயிலை இன்னும் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. கொழுந்து எடுப்பவர்களில் நம்மவர்கள் குறைந்து வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் வந்துவிட்டார்கள். ஆள் மாறினாலும் மாத முடிவில் எழும் கேள்வி மாறவில்லை: என் கணக்கில் எத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள்?

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்ற ஆணை 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு நடப்புக்கு வந்தது. மூன்று நான்கு பேரை வைத்துத் தக்காளியும் முட்டைக்கோசும் பயிரிடும் சின்ன முதலாளிகளுக்கு ஆகஸ்டு 1 வரை அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசமும் முடிந்துவிட்டது. கிலோ கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்கும் இந்த 1,700 பொருந்தும். எடுத்த கொழுந்தின் கூலி அதற்குக் குறைந்தால் மீதியை முதலாளி போட்டுத் தர வேண்டும்.

சிக்கல் அந்த மீதியைக் கணக்கிடும் இடத்தில்தான். ஒரு பேச்சுக்குக் கிலோவுக்கு 30 சென் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் மாதத்தில் 26 நாள் வேலைக்கு வந்து 4,800 கிலோ எடுக்கிறார். கூலி 1,440 வெள்ளி. இன்னும் 260 வெள்ளி அவருக்கு வர வேண்டும். அதே பெண்ணின் பெயருக்கு நேரே 26 நாளுக்குப் பதில் 22 நாள் என்று எழுதிவிட்டால்? வாரம் ஆறு நாள் வேலைக்கு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 சென். 22 நாளுக்கு அது 1,438 வெள்ளி 36 சென்தான் ஆகிறது. அவர் கொழுந்திலேயே 1,440 சம்பாதித்துவிட்டார். ஆகவே சேர்த்துத் தர எதுவும் இல்லை! ஒரு கிலோவைக்கூடக் குறைத்து எழுதாமல் 260 வெள்ளி காணாமல் போகிறது.

முன்பெல்லாம் தோட்டத்துச் சண்டை தராசுப் பக்கம்தான் நடக்கும். கூடைக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதுதான் பேச்சு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் சம்பளம் குறைந்தபட்ச அளவை ஒட்டி நிற்கும் குடும்பங்களுக்கு இனி எடையைவிட நாள் கணக்குதான் முக்கியம். காலையில் பெரட்டுக்கு வந்து நின்று, மழையால் பத்து மணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டவரின் பொழுது வேலை நாளாகுமா, வராத நாளாகுமா? கேமரன் மழைக்கு இந்தக் கேள்வி மாதத்தில் பல முறை வரும்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவைப் பலரும் மறந்துவிட்டார்கள். தோட்டத்தில் நாள் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும், அவர் வேலைக்குத் தயாராக இருந்தும் தர முடியாவிட்டால் அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு என்கிறது அது. தயாராக வந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி? மறுபடியும் அந்த ஏடுதான். அதே சட்டத்தின் 61-ஆவது பிரிவு தொழிலாளர் பதிவேடுகளை ஆறு ஆண்டு பாதுகாக்கச் சொல்கிறது. சம்பள விவரத்தைத் தொழிலாளியின் கையில் கொடுப்பதும், சம்பள மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் பட்டுவாடா செய்வதும் முதலாளியின் கடமை.

கிராணி என்பவர் இந்த வகையில் பெரிய மனிதர். சோழர் கல்வெட்டுகளில் கணக்கு எழுதுபவரைக் கரணத்தான் என்பார்கள். அவர் எழுதியதுதான் ஊருக்குக் கணக்கு. தோட்டத்தில் செக்ரோலும் அப்படித்தான் இருந்தது. என் பாட்டி ஓய்வு பெற்றபோது சேமநிதியில் சில வருடங்கள் விடுபட்டிருந்தன. தோட்டம் அதற்குள் கைமாறியிருந்தது, பழைய ஏடு யாரிடமும் இல்லை. பாட்டியிடம் இருந்தது ஞாபகம் மட்டும்தான்.

ஊழியர் சேமநிதிக்கு உள்நாட்டுத் தொழிலாளியிடம் 11 விழுக்காடு பிடித்து, இந்தச் சம்பள நிலையில் முதலாளி 13 விழுக்காடு சேர்த்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மேலே சொன்ன 260 வெள்ளி ஏட்டில் ஏறாவிட்டால் சேமநிதியிலும் ஏறக்குறைய 62 வெள்ளி குறையும். 2025 அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இரு தரப்பும் தலா 2 விழுக்காடு கட்டியாக வேண்டும். அவர்களுடைய கடப்பிதழைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்காத சின்னத் தோட்டக்காரருக்குப் பின்னால் தலைவலிதான்.

முதலாளிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. உரம், லோரி வாடகை, லெவி எல்லாம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி மென்பொருள் வாங்கச் சொல்கிறார்களே என்று அவர்கள் சலித்துக்கொள்ளலாம். சட்டம் மென்பொருள் கேட்கவில்லை. கோடு போட்ட நோட்டு போதும். வந்த நாள், மழையால் நின்ற நாள், தானாக வராத நாள் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம், எடை, கழிவு, கழிவுக்குக் காரணம், தொழிலாளியின் கையெழுத்து, இவ்வளவுதான். கையெழுத்து வாங்காமல் 300 வெள்ளி முன்பணம் கொடுத்த முதலாளி, நாளை தொழிலாளர் இலாகா விசாரணையில் அதை எப்படிக் காட்டுவார்? ஒழுங்கான ஏடு அவரையும் காப்பாற்றும்.

தொழிலாளர்களிடம் இன்று கைப்பேசி இருக்கிறது. எடைச் சீட்டையும், பெரட்டுக்கு வந்த காலையையும் அன்றன்றே படமெடுத்து வைக்கலாம். தேதி தானாகவே பதிவாகும். மழையில் திரும்பிய நாளையும் படமெடுங்கள், அதுதான் முக்கியம். சம்பளச் சீட்டில் நாள் குறைந்திருந்தால் அந்த மாதமே கேளுங்கள். பதில் வராவிட்டால் படங்களோடு தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், சம்பளப் பாக்கியை விசாரித்துக் கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு.