தனித்திருத்தலும் சினமும்

தொற்றுநோய்க் காலத்தில் தனித்திருத்தல் பழைய முறையாகும். 1377ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவின் இரகூசா நகரம், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வந்தோரை முப்பது நாள் புறத்தே நிறுத்தியது.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, வெளிநாட்டிலிருந்து தமிழகம் வந்தோர் பதினான்கு நாள் வீட்டினுள் இருக்குமாறு பணிக்கப்பட்டனர். சிலர் அவ்வாணையை மீறினர், மக்கள் சினந்தனர். அச்சினம் முறையானதே. ஒருவன் கடக்கும் வாயில் அவனுடையதாயினும், அவனால் பரவும் நோய் ஊரையன்றோ வருத்தும்? கோயம்பேட்டுச் சந்தையில் பரவிய நோய் பல மாவட்டங்களை எட்டியது. மே 5ஆம் நாள் அச்சந்தை மூடப்பட்டது. காய்கறி வணிகம் நூம்பலுக்கும் பூவிருந்தவல்லிக்கும் மேற்கேயுள்ள திருமழிசைக்குப் பெயர்ந்தது.

ஆயினும், சினம் எல்லை கடத்தலாகாது. ஆணையை மீறியோர்மேல் எழுந்த வெறுப்பு, நாளடைவில் நோயுற்றோர் அனைவர்மேலும் பாய்ந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 19ஆம் நாள், அந்நோயால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவொட்டாது ஒரு கூட்டம் தடுத்தது. உடலை ஏற்றிவந்த வண்டியின்மீது கல்லெறிந்தது. தொற்றுக்கு அஞ்சி விலகியிருக்க வேண்டியவர்களே திரண்டு நின்று ஊரடங்கை மீறினர்! பிறர் பிழையைக் கடிந்த ஊரில் அதே பிழை பெருகியது.

இகழ்ச்சிக்கு அஞ்சுவோன் நோயை மறைப்பான். மறைத்த நோய் பலரைப் பற்றும். பசியால் வெளிவருவோனும் உளன். ஆதலின், ஆணையை மீறுவோனைத் தண்டித்தல் சட்டத்தின் கடமை. தனித்திருப்போன் வாயிலில் அரிசியும் பாலும் வைத்து அகலுதல் அண்டை வீட்டாரின் கடமை. இவ்விரண்டும் இணையுமிடத்தே நோய் அடங்கும்.