தூரிகைக்குத் தரம் தருவது கட்டுமுறை

கேரளத்தில் 16ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் எழுதிய 'சில்பரத்னம்' நூலின் முதல் பகுதி 1922இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அச்சேறியது. பதிப்பித்தவர் திருநெல்வேலிச் சீமையில் தருவை கிராமத்தில் பிறந்த டி. கணபதி சாஸ்திரி. கோயில் கட்டுமானத்தையும் சிற்பத்தையும் விரிவாகப் பேசும் அந்நூல், சித்திரத்துக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறது. சுவரைப் பதப்படுத்துவது, வண்ணம் கூட்டுவது ஆகியவற்றோடு தூரிகை செய்வதும் ஓவியனின் வேலைகளில் ஒன்றாகவே அங்கே வருகிறது. பருமனானது, நடுத்தரமானது, நுண்ணியது எனத் தூரிகையில் மூன்று வகை. கேரளச் சுவரோவிய மரபு இந்த மூன்றுக்கும் முறையே கன்றின் காதுமுடியையும் ஆட்டின் வயிற்றுமுடியையும் புல்லின் நுனியையும் பயன்படுத்தியது. மூன்றுமே தொழுவத்திலும் வரப்பிலும் கிடைப்பவை. எந்த விலங்கின் முடி உயர்ந்தது என்று தேடாமல், எந்த வேலைக்கு எந்த வடிவம் என்று யோசித்த மரபு இது. இன்றைய ஓவியக் கடைகளில் தூரிகைக்கு விலை வைப்பது பெரும்பாலும் விலங்கின் பெயரை வைத்துத்தான். அந்தப் பழக்கம் கலைக்கும் நல்லதில்லை, காட்டுக்கும் நல்லதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தூரிகையின் குணத்தை அதன் கட்டுமுறை எந்த அளவுக்கு முடிவு செய்கிறது என்பதற்கு ஷேவிங் பிரஷ் நல்ல சான்று. அதில் முடிக் குஞ்சத்தின் வடிவங்களில் முக்கியமானவை மூன்று: நடுவில் உயர்ந்து மொட்டுப் போலக் குவிந்தது, விசிறி போல விரிந்தது, மேற்புறம் தட்டையானது. ஒரே முடியை, ஒரே எடையில் எடுத்து மூன்று விதமாகக் கட்டினாலும் மூன்று வேறு பிரஷ்கள் கிடைக்கும். முடிகளை நுனி கீழே இருக்கும்படி ஒரு சிறிய கிண்ணத்தில் இட்டுத் தட்டுவார்கள். கிண்ணத்தின் அடி எவ்வளவு குழிந்திருக்கிறதோ அந்த வளைவு குஞ்சத்தின் முகத்துக்கு வந்துவிடும். பிறகு அடிப்பகுதியை நூலால் இறுக்கிக் கட்டிப் பசையில் உறைய வைத்துக் கைப்பிடிக்குள் பொருத்துவார்கள். மொட்டு வடிவத்தில் முடிகள் நடுவே நெருங்கி நிற்பதால் அழுத்தினால் எதிர்த்து நிற்கும். விசிறி வடிவம் எளிதில் மலர்ந்து கன்னத்தில் அகலமாகப் படியும். கைப்பிடியின் வாயிலிருந்து முடி எத்தனை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது என்பதும் சிறிய விஷயமில்லை. 50 மில்லிமீட்டர் நிற்கும் குஞ்சத்தை இன்னும் ஐந்து மில்லிமீட்டர் உள்ளே இறக்கிப் பொருத்தினால், துவண்டு கிடந்த அதே முடி விறைப்பு பெறும். இன்னொன்று, நுனியில் கத்திரி படக் கூடாது. முடி இயல்பாகவே நுனி நோக்கி மெலிவது; அந்த மெலிவுதான் மென்மை. குஞ்சத்தைக் கட்டிய பின் வடிவத்துக்காக மேலே வெட்டிவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த முடியானாலும் தோலைக் குத்தும்.

ஓவியத் தூரிகையில் இந்த விதிகள் இன்னும் கறாராகின்றன. அங்கேயும் கிண்ணம், தட்டல், நூல்கட்டு, பசை எல்லாம் உண்டு. கைப்பிடிக்குப் பதில் உலோகக் குழல். தலைகீழாகக் கிடக்கும் முடிகளைச் சீவிச் சீவிப் பொறுக்கி எடுப்பது இதில் பெரிய வேலை, ஏனென்றால் ஒரே ஒரு தலைகீழ் முடி போதும், கோடு இரண்டாகப் பிளந்துவிடும். வட்டத் தூரிகையில் முடிகளின் பருத்த நடுப்பகுதிகள் ஒன்றுசேர்ந்து ஒரு வயிறு உண்டாகிறது. வண்ணத்தைத் தேக்கி வைப்பது அந்த வயிறு, கோட்டை இழுப்பது நுனி. புல்லுக்கு இந்த வயிறு கிடையாது. கொஞ்சமாகத்தான் வண்ணம் ஏந்தும், அடிக்கடி தோய்க்க வேண்டும். ஆனால் நுண்கோட்டுக்கு அதுவே வசதி: தேக்கம் இல்லாததால் கோடு திடீரென்று பருத்துவிடாது. கேரளச் சுவரோவியத்தில் முதலில் மஞ்சளில் வரைகோடு, அடுத்து சிவப்பு, வண்ணங்கள் நிறைந்த பின் இறுதியாகக் கறுப்புக் கோடு. பத்மநாபசுவாமி கோயில் சுவர்களிலும், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் உருவங்களுக்கு உயிர் தருவது இந்தக் கோடுதான். நகைகளின் மணிகளையும் இமைகளின் வளைவையும் கண்ட எவருக்கும், தொழுவத்துப் பொருள்களை நம்பிய ஒரு மரபு எவ்வளவு தூரம் போனது என்பது விளங்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தாழை விழுதின் முனையை நசுக்கி நாராக்கிச் சுண்ணாம்பு அடித்ததும் இதே அறிவின் எளிய வடிவம்.

இந்த அறிவு ஓவியரின் கையை விட்டுப் போய், தூரிகை வெறும் கடைச்சரக்காக மட்டும் ஆனபோது, தரத்தைச் சொல்ல விலங்கின் பெயர் ஒன்றே மிஞ்சியது. இந்தியாவில் அந்தப் பெயர் கீரி. விறைப்பும் கூர்மையும் சேர்ந்த அதன் முடிக்குக் கிராக்கி அதிகம். கீரி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் விலங்கு. அதன் முடியை விற்பது குற்றம். ஆனாலும் 2019 அக்டோபரில் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் கேரளம் உட்படப் பல மாநிலங்களில் சோதனை நடத்தியபோது, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கீரிமுடித் தூரிகைகளும் நூறு கிலோவுக்கு மேல் முடியும் பிடிபட்டன. தூரிகைக்கு உதவக்கூடிய முடி ஒரு கிலோ சேரச் சுமார் 50 கீரிகள் சாக வேண்டும் என்று அப்போது வன உயிரின அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். எனில், ஒரே சோதனையில் சிக்கியது ஆயிரக்கணக்கான உயிர்கள். வயல்களில் பாம்பையும் எலியையும் கட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு பிராணியை ஒரு கோட்டுக்காக இப்படி அழிப்பதை எந்தக் கலை நியாயத்தாலும் ஏற்க முடியாது.

செயற்கை இழை கீரிமுடிக்கு ஈடாகாது என்று ஓவியர்கள் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது. விலங்கு முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை நீரைப் பிடித்து வைக்கும். வழவழப்பான இழை அந்த அளவு பிடிக்காது. நீர்வண்ணத்தில் அகலமான பரப்பை ஒரே வீச்சில் நனைக்க வேண்டியவருக்கு இந்தக் குறை உண்மையானதே. அவருக்கு ஆட்டுமுடித் தூரிகை இருக்கிறது. கீரியைப் பிடித்துக் கொல்வதும், வளர்ப்பு ஆட்டின் முடியை எடுப்பதும் ஒன்றில்லை. நுண்கோட்டுக்கு வந்தால் வாதம் வலுவிழக்கிறது. பாலியெஸ்டர் வகை இழைகளின் முனையைக் காரக் கரைசலில் தோய்த்து, இயற்கை முடி போலவே மெலியச் செய்யும் முறை பல காலமாகத் தொழிலில் இருக்கிறது. அப்படிப்பட்ட இழை வாங்கியும் தூரிகை பிளந்தால், கோளாறு பெரும்பாலும் கட்டியதில் இருக்கும்: குழலுக்குள் போதிய ஆழம் இறங்காதது, பசை மேலேறி வயிற்றை இறுக்கியது, நுனி ஒன்றுசேராமல் தட்டியது. மோசமாகக் கட்டினால் கீரிமுடியும் இதே போலத்தான் பிளக்கும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பிழைப்பு பற்றியது. உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்தின் ஷேர்கோட், தூரிகைத் தொழிலையே நம்பி வாழும் ஊர். சோதனைகள் நடக்கும்போது முதலில் அடிபடுவது பட்டறையில் உட்கார்ந்து கட்டுபவர்கள். முடி வாங்கி விற்கும் தரகர் தப்பிவிடலாம். ஆனால் அந்தத் தொழிலாளர்களிடம் இருக்கும் சொத்து கீரிமுடி இல்லை. நுனி சேர்த்துத் தட்டி, தலைகீழ் முடியைப் பொறுக்கி, அளவாக இறுக்கும் விரல்கள்தான். ஆட்டுமுடிக்கும் இழைக்கும் அந்த விரல்கள் அப்படியே தேவைப்படுகின்றன. விலங்கின் பெயருக்குப் போகும் கூடுதல் விலை கட்டுபவரின் கூலிக்குப் போனால் அவர்கள் இழப்பது ஒன்றுமில்லை. இதற்கு வாங்குபவர்தான் முதலில் மாற வேண்டும்.

வாங்குபவர்களில் பெரியவை ஓவியக் கல்லூரிகள். திருவனந்தபுரத்தின் நுண்கலைக் கல்லூரி 1888இல் கலைப்பள்ளியாகத் தொடங்கியது. குருவாயூர் தேவஸ்வம் 1989 முதல் சுவரோவியக் கல்வி தருகிறது. ஆரன்முளை வாஸ்துவித்யா குருகுலமும் அதைக் கற்பிக்கிறது. தூரிகை கட்டுவது இத்தகைய இடங்களிலெல்லாம் மதிப்பெண் உள்ள பாடமாக வேண்டும், விருப்பப் பயிற்சியாக நின்றுவிடக் கூடாது. வரையவே நேரம் போதாத மாணவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். மூன்று வகைத் தூரிகையையும் ஒருமுறை கட்டியவருக்கு, தன் கோடு எங்கே, ஏன் தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியும். அவர் வீணாக்கும் காகிதமும் நேரமும் குறையும். கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் தூரிகை வாங்க அரசு கோரும் ஒப்பந்தப்புள்ளியில் முடியின் தோற்றத்தை எழுத்துபூர்வமாகச் சான்றளிக்கக் கேட்க வேண்டும். முடி எத்தனை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது, எத்தனை குழலுக்குள் இறங்கியிருக்கிறது, நுனி வெட்டப்படாததா, நனைத்தால் ஒரே முனையாகக் குவிகிறதா என்பவற்றைத் தர அளவுகளாகவே குறிப்பிடலாம். கடைசிச் சோதனைக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். எந்தக் கடை வாசலிலும் செய்து பார்க்கலாம்.