வாட்ஸ் கணக்கும் வணிக நாணயமும்



நமது கடைத் தராசில் முத்திரை இல்லாவிட்டால் முத்திரை ஆய்வாளர் நம்மை விடமாட்டார். விடவும் கூடாது. ஒரு கிலோ துவரம்பருப்பு என்றால் ஆயிரம் கிராம் இருந்தே தீர வேண்டும். ஆனால் அதே கடைவீதியில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட சப்வூஃபர் பெட்டிகள் தாராளமாக விற்பனையாகின்றன. அந்த வாட்ஸை எந்தத் தராசில் நிறுப்பது?

நாமே ஏமாந்த கதையைச் சொல்கிறோம். சங்கக் கூடத்து விழாவுக்காக ஒரு செட் வாங்கினோம். ஸ்பீக்கர் 6 அங்குலம். அட்டையில் 1200 வாட்ஸ். சிறிய கடைக்குள் போட்டுக் காட்டியபோது நன்றாகத்தான் அதிர்ந்தது. கூடத்தில் வைத்ததும் தவில் சத்தம் தகர டப்பாவைத் தட்டுவது போல ஆகிவிட்டது. பிறகுதான் பின்பக்கத் தகட்டைப் பார்த்தோம். செட் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 60 வாட்ஸ் என்று அதில் போட்டிருந்தது. 10 கிலோ அரிசியைப் போட்டு 200 கிலோ மாவு அரைத்துத் தரும் மில் எங்கேனும் உண்டா?

அட்டையில் இருப்பது பி.எம்.பி.ஓ. என்ற கணக்கு. கண நேர உச்சத்தைக் குறிப்பதாகச் சொல்வார்கள். அதைக் கணக்கிட எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய சக்திக்கு ஆர்.எம்.எஸ். என்று பெயர். நாம் கேட்க வேண்டியது இதைத்தான். அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட்ஸ் விளம்பரத்துக்கு 1974-லேயே அரசு விதி கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்படியே உண்மையான வாட்ஸ் கிடைத்தாலும் அது மட்டும் போதாது. 100 வாட்ஸை 200 ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பதையும் கேளுங்கள். 93 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 50 வாட்ஸில் போடும் சத்தத்துக்கு, 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 200 வாட்ஸ் கொடுக்க வேண்டும்.

ஆழமான பாஸ் என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. 80 ஹெர்ட்ஸில் உள்ள அதே சத்தம் 40 ஹெர்ட்ஸிலும் வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சிறிய கூம்பு அவ்வளவு தூரம் போகாது. கரகரக்கும், இன்னும் ஏற்றினால் கிழியும். 8 அங்குலத்தைவிட 12 அங்குலக் கூம்பின் பரப்பு இரண்டேகால் மடங்கு அதிகம். அதற்கேற்ற பெட்டியும் வேண்டும். சிறிய பெட்டியில் ஆழமான பாஸ் வேண்டுமென்றால் சத்தத்தில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஆகவே நமது கருத்து இதுதான். கடைக்குள் பாட்டுக் கேட்க 8 அங்குலம் தாராளம். சங்கக் கூடத்துக்கு 12 அங்குலம். திறந்தவெளி விழா என்றால் 15 அல்லது 18 அங்குலம் வைத்திருக்கும் மைக் செட்காரரிடம் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். வாங்கிய பெட்டியைச் சுவர் மூலையில் வைத்துப் பாருங்கள். காசில்லாமல் பாஸ் கூடும். அதே பாஸ் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போகும் என்பதை மறக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு.

மின்சாதனக் கடை நடத்தும் நமது உறுப்பினர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள். "பக்கத்துக் கடைக்காரர் 5000 போட்டு விற்கும்போது நாங்கள் 50 என்று சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்கிறார்கள். அவர்களுடைய சங்கடம் நமக்குப் புரிகிறது. அட்டையை அச்சிட்டது அவர்கள் அல்ல. ஆனால் பில் போடுவது அவர்கள்தானே! அந்தப் பில்லில் ஆர்.எம்.எஸ். அளவையும் ஸ்பீக்கர் அங்குலத்தையும் எழுதிக் கொடுக்கலாம். ஒருவர் மட்டும் செய்தால் நஷ்டம். கடைவீதி முழுவதும் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சங்கம் இருப்பதே இதற்காகத்தானே?

வாங்குகிற நாமும் சும்மா இருக்கக் கூடாது. அட்டையைப் படித்துவிட்டுப் பணத்தை எடுக்காமல், பெட்டியைத் திருப்பித் தகட்டைப் படிப்போம். பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேட்போம். நிறையில் குறை வைக்காதவன் என்ற பெயர்தான் வணிகனின் முதல். அந்தப் பெயர் பருப்புக்கு மட்டுமல்ல, பாட்டுப் பெட்டிக்கும் வேண்டும்.